அமெரிக்காவில் பிசிகல் தெரபி: ஆளைத் தேடுவதற்கு முன் இன்ஷூரன்ஸில் என்னென்ன கேட்க வேண்டும்

தோள்பட்டை வலியோடு முதல் தடவை பிசிகல் தெரபிக்குப் போனபோது நான் செய்தது எல்லாமே தலைகீழ். வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல பெயர் வாங்கிய ஒரு கிளினிக்கைப் பிடித்தேன், போன் பண்ணி "எங்கள் இன்ஷூரன்ஸை எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டேன், "ஓ, தாராளமாக" என்றார்கள், எட்டு தடவை போய் வந்தேன். இரண்டு மாதம் கழித்து 1,100 டாலருக்குக் கொஞ்சம் மேலே ஒரு பில் வந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. என் இன்ஷூரன்ஸை அவர்கள் எடுத்துக்கொள்ளத்தான் செய்தார்கள், அதாவது என் பெயரில் இன்ஷூரன்ஸுக்குக் கிளெய்ம் (பணம் கேட்கும் விண்ணப்பம்) அனுப்பினார்கள். ஆனால் என் பிளானின் நெட்வொர்க்கில், அதாவது பிளானோடு கட்டண ஒப்பந்தம் போட்டவர்களின் கூட்டத்தில், அவர்கள் இல்லை.

அதற்கப்புறம் மனைவியின் முதுகுவலிக்கு ஒரு தடவை, மாமனாருக்கு ஒரு தடவை, கூட வேலை செய்கிற நாலைந்து பேருக்கு என்று பக்கத்தில் உட்கார்ந்து போன் பேசியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: ஆளை முதலில் பிடித்துவிட்டு இன்ஷூரன்ஸை அப்புறம் பார்ப்பது. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் அரை நாள் வேலை, மூன்று நான்கு போன் கால், அவ்வளவுதான்.

ஊரில் பிசியோ என்று சொல்வதைத்தான் இங்கே பிசிகல் தெரபி, சுருக்கமாக பி.டி. என்கிறார்கள். முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டர் வேறு, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி வேறு. போனில் பேசும்போது இவற்றைக் குழப்பிக்கொண்டால் வருகிற பதிலும் தப்பாகத்தான் இருக்கும்.

1. போனை எடுப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

இன்ஷூரன்ஸ் அட்டையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெம்பர் ஐ.டி., குரூப் நம்பர், பிளானின் முழுப் பெயர் முன்பக்கத்தில் இருக்கும். கூப்பிட வேண்டிய எண் பின்பக்கத்தில். கம்பெனியின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, ஏனென்றால் ஒரே இன்ஷூரன்ஸ் கம்பெனி பல நெட்வொர்க்குகள் வைத்திருக்கும், ஒரு கிளினிக் அதில் இரண்டில் இருந்து மூன்றாவதில் இல்லாமல் இருக்கலாம்.

பிளானோடு சம்மரி ஆஃப் பெனிஃபிட்ஸ் என்று சில பக்க ஆவணம் ஒன்று தருவார்கள். இன்ஷூரன்ஸ் இணையதளத்தில் உங்கள் கணக்கில் இருக்கும், இல்லாவிட்டால் அலுவலக எச்.ஆர். அனுப்புவார்கள். அதில் பிசிகல் தெரபி என்று தேடினால் பல நேரம் ஒன்றும் அகப்படாது. "ரீஹேபிலிடேஷன் சர்வீசஸ்" என்ற வரியைப் பாருங்கள். அதன் கீழேயே "ஹேபிலிடேஷன்" என்று இன்னொரு வரி இருக்கும், அது பிறவியிலிருந்தே வராத ஒரு திறனை வளர்ப்பதற்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு. உங்களுக்கு வேண்டியது முதல் வரி.

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். யாரோடு, எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் பேசினோம், அந்தப் போன் காலுக்கு அவர்கள் தரும் ரெஃபரன்ஸ் நம்பர் என்ன என்று எழுதி வைப்பது அசட்டு வேலை போலத் தெரியும். பில் வந்த பிறகு உங்கள் பக்கம் நிற்கிற ஒரே சாட்சி அந்த நோட்டுதான்.

2. வலி எதனால் வந்தது என்று பாருங்கள்

வேலையில் எதையோ தூக்கும்போது வந்த வலி என்றால் செலவு ஒர்க்கர்ஸ் காம்பென்சேஷனுடையது (வேலையில் படும் காயத்துக்காக முதலாளி எடுத்திருக்கும் இன்ஷூரன்ஸ்), உங்கள் ஹெல்த் இன்ஷூரன்ஸுடையது அல்ல. கார் விபத்து என்றால் பல மாநிலங்களில் முதலில் கார் இன்ஷூரன்ஸ்தான் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் ஹெல்த் இன்ஷூரன்ஸில் கிளெய்ம் போனால், "இது விபத்தா?" என்று கேட்டு ஒரு கடிதம் வரும், நீங்கள் பதில் போடும்வரை கிளெய்ம் அப்படியே நிற்கும். அந்தக் கடிதத்தை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்ட நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. முதுகுவலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, கால் திடீரென்று வலுவிழப்பது, காய்ச்சல், பலமாக விழுந்து அடிபட்டது, இதில் எது இருந்தாலும் தெரபிஸ்டைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

3. டாக்டர் சீட்டு வேண்டுமா, வேண்டாமா

இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன, எல்லோரும் ஒன்றாகக் கலக்கிவிடுகிறார்கள். சட்டம் அனுமதிக்கிறதா என்பது ஒன்று. உங்கள் இன்ஷூரன்ஸ் பணம் கொடுக்குமா என்பது இன்னொன்று.

சட்டத்தைப் பொறுத்தவரை 50 மாநிலங்களிலும் டாக்டர் சீட்டு இல்லாமலேயே ஏதோ ஓர் அளவுக்குத் தெரபிஸ்டிடம் நேராகப் போகலாம். இதை டைரக்ட் ஆக்சஸ் என்கிறார்கள். அளவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் 45 நாள் அல்லது 12 விசிட், எது முதலில் வருகிறதோ அதுவரை. நியூயார்க்கில் 30 நாள் அல்லது 10 விசிட். அதைத் தாண்டித் தொடர டாக்டரின் ஒப்புதல் வேண்டும்.

இன்ஷூரன்ஸ் கதை வேறு. எச்.எம்.ஓ. வகைப் பிளானில் (பொதுவாக நெட்வொர்க்குக்குள்ளேயே போக வேண்டிய பிளான்) பெரும்பாலும் உங்கள் பிரைமரி கேர் டாக்டர், அதாவது வழக்கமாகப் பார்க்கும் பொது டாக்டர், ரெஃபரல் (இன்னாரிடம் போகலாம் என்ற பரிந்துரை) போட்டால்தான் பணம் வரும். நெட்வொர்க்குக்கு வெளியேயும் போக விடும் பி.பி.ஓ. வகையில் பொதுவாக வேண்டியதில்லை, ஆனாலும் கேட்டுவிடுவது நல்லது. "எங்களிடம் டாக்டர் சீட்டு இல்லாமலே வரலாம்" என்று கிளினிக் வாசலில் பலகை இருப்பது சட்டத்தைப் பற்றியது. உங்கள் பிளானைப் பற்றி அந்தப் பலகைக்கு ஒன்றும் தெரியாது.

என் பழக்கம், தேவையில்லை என்றாலும் ஒரு சீட்டு வாங்கி வைத்துக்கொள்வது. டாக்டரிடம் ஆன்லைனில் செய்தி போட்டால் பல நேரம் அப்படியே அனுப்பிவிடுவார்கள். பின்னால் இன்ஷூரன்ஸ் "இந்தச் சிகிச்சை தேவைதானா?" என்று கேட்கும்போது அந்தத் தாள் உதவும். ஆனால் எச்.எம்.ஓ. ரெஃபரல் என்பது வெறும் சீட்டு அல்ல, இன்ஷூரன்ஸின் கணினியில் பதிவாக வேண்டும், முதல் விசிட்டின் தேதிக்கு முன்பே பதிவாக வேண்டும். இரண்டு நாள் கழித்து வந்த ரெஃபரலால் முதல் விசிட் முழுக்கக் கைக்காசில் போனதைப் பார்த்திருக்கிறேன்.

4. இன்ஷூரன்ஸுக்கு முதல் கால்: எவ்வளவு, எத்தனை தடவை

இன்னும் எந்தக் கிளினிக்கும் மனதில் இல்லை, அது நல்லது. இந்தக் கால் உங்கள் பிளானைத் தெரிந்துகொள்வதற்கு. "அவுட்பேஷன்ட் பிசிகல் தெரபிக்கு என் பெனிஃபிட் என்ன?" என்று தொடங்குங்கள். "அவுட்பேஷன்ட்" என்ற சொல் முக்கியம். அதைச் சொல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது கொடுக்கும் தெரபியின் கணக்கை வாசித்துவிடுவார்கள்.

முதலில் கேட்க வேண்டியது: கோபேயா, கோஇன்ஷூரன்ஸா? கோபே என்றால் ஒவ்வொரு விசிட்டுக்கும் ஒரே தொகை. கோஇன்ஷூரன்ஸ் என்றால் செலவில் இத்தனை சதவீதம் என்ற பங்கு, அதுவும் பெரும்பாலும் டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்குவதற்கு முன் வருஷத்தில் நீங்களே கட்ட வேண்டிய தொகை) முடிந்த பிறகு. "டிடக்டிபிளுக்கு முன்பே கோபே மட்டும் கொடுத்தால் போதுமா, இல்லை டிடக்டிபிள் தீர்ந்த பிறகா?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள்.

இதில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு விசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் ஒப்புக்கொண்ட தொகை 110 டாலர் என்றும், உங்கள் டிடக்டிபிளில் இன்னும் 1,200 டாலர் பாக்கி என்றும், அதற்கு மேல் 20 சதவீதம் உங்களுடையது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 12 விசிட் போனால் முதல் பத்துக்கும் முழுத் தொகை, அதாவது 1,100. பதினொன்றாவதில் பாக்கி டிடக்டிபிள் 100, மிச்சம் 10 டாலரில் 20 சதவீதமான 2, ஆக 102. பன்னிரண்டாவதில் 22. மொத்தம் 1,224 டாலர். அதே 12 விசிட் 40 டாலர் கோபே உள்ள பிளானில் 480. இரண்டு பிளான்காரர்களுக்கும் அட்டை பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

அடுத்தது, வருஷத்துக்கு எத்தனை விசிட்? பல பிளான்களில் ஓர் எண்ணிக்கை உண்டு. அது பிசிகல் தெரபிக்கு மட்டுமா, ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பீச் தெரபி, சில பிளான்களில் கைரோபிராக்டர் எல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள். இந்த வருஷம் ஏற்கெனவே எத்தனை கழிந்திருக்கிறது என்றும் கேளுங்கள். எண்ணிக்கை ஜனவரியில் புதிதாகிறதா, உங்கள் அலுவலகத்தின் பிளான் வருஷம் வேறு மாதத்தில் தொடங்குகிறதா என்பதும் வேண்டும். ஜனவரியில் புதிதாகும் பிளான் என்றால், நவம்பரில் தெரபி தொடங்கினால் ஜனவரியில் டிடக்டிபிள் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்கும். அது தெரிந்தால் டிசம்பருக்குள் விசிட்டுகளைக் கொஞ்சம் நெருக்கமாக வைத்துக்கொள்ள முடியுமா என்று தெரபிஸ்டிடம் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது, ப்ரையர் ஆத்தரைசேஷன், அதாவது முன் அனுமதி வேண்டுமா, வேண்டுமென்றால் முதல் விசிட்டுக்கே வேண்டுமா, அதற்குப் பிறகா? சில பிளான்கள் இந்த வேலையை வேறொரு கம்பெனியிடம் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் அந்தக் கம்பெனியின் பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நெட்வொர்க்குக்கு வெளியே போனால் ஏதாவது கொடுப்பார்களா? சில பிளான்களில் ஒரு பைசா கூட வராது.

பேசி முடித்ததும் ரெஃபரன்ஸ் நம்பர் கேட்க மறக்காதீர்கள். "இந்தத் தகவல் பணம் கொடுப்பதற்கான உத்தரவாதம் அல்ல" என்று ஒரு பதிவுக்குரல் ஓடும், பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் ஓடுவதுதான்.

கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனி பிளான் இருந்து நீங்கள் இரண்டிலும் இருந்தால், எது முதல், எது இரண்டாவது என்று இரண்டு கம்பெனிகளுக்கும் தெரிந்திருக்கிறதா என்று இதே காலில் உறுதிப்படுத்துங்கள். தெரியாவிட்டால் இரண்டு பேரும் மற்றவரைக் கை காட்டிக்கொண்டிருப்பார்கள்.

5. பெயர்ப் பட்டியல் போடுவது

இப்போதுதான் ஆளைத் தேடுகிறோம். இன்ஷூரன்ஸ் இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் நுழைந்து, அங்கிருந்து தேடுங்கள். நுழையாமல் பொதுப் பக்கத்தில் தேடினால் எந்தப் பிளான் என்று நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், ஒரு எழுத்து வித்தியாசமான பிளானைத் தேர்ந்தெடுத்துவிட்டு அலைந்தவர்கள் பலர்.

அமெரிக்கன் பிசிகல் தெரபி அசோசியேஷன் நடத்தும் சூஸ்பிடி தளத்திலும் பகுதிவாரியாகத் தேடலாம். அங்கே எந்தத் துறையில் தேர்ச்சி என்று பார்க்க முடியும். நெட்வொர்க் விவரத்துக்கு அதை நம்ப வேண்டாம், அதன் வேலை அதுவல்ல. டாக்டரிடமும் கேளுங்கள், ஆனால் "உங்களுக்கு இதே பிரச்சினை வந்தால் யாரிடம் போவீர்கள்?" என்று கேளுங்கள். அச்சடித்த பட்டியல் கொடுப்பது நின்று, ஒரு பெயர் வரும்.

மூன்றிலிருந்து ஐந்து பெயர் போதும். தூரத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். வாரம் இரண்டு தடவை, ஆறு வாரம் என்றால் பன்னிரண்டு தடவை போய்வர வேண்டும். நாற்பது நிமிடம் கார் ஓட்டி முதுகுவலிக்குத் தெரபி செய்துகொண்டு நாற்பது நிமிடம் திரும்பி ஓட்டினால் என்ன மிஞ்சும்? பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். சுமாரான கிளினிக் பக்கத்தில் இருப்பது, அருமையான கிளினிக் தொலைவில் இருப்பதைவிட மேல் என்பது என் கருத்து. அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, பக்கவாதத்துக்குப் பிறகோ என்றால் மட்டும் இதை மாற்றிக்கொள்வேன்.

பட்டியலில் பெயர் தெரியும் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள நோ சர்ப்ரைசஸ் சட்டப்படி, தனியார் ஹெல்த் பிளான்கள் இந்தப் பட்டியலை 90 நாளுக்கு ஒரு தடவையாவது சரிபார்க்க வேண்டும். பட்டியலில் தப்பாக நெட்வொர்க்கில் இருப்பதாகக் காட்டி, அதை நம்பி நீங்கள் போனால், நெட்வொர்க் கணக்கில் வரும் பங்கை மட்டுமே உங்களிடம் வாங்கலாம். ஆனால் பட்டியலில் இருந்தது என்பதைக் காட்ட உங்களிடம் படம் இருக்க வேண்டுமே.

6. ஆள் யார் என்று பார்ப்பது

ஒவ்வொரு மாநிலத்தின் லைசென்ஸ் போர்டு தளத்திலும் பெயரைப் போட்டுப் பார்க்கலாம், இலவசம். லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்று தெரியும். ஐந்து நிமிட வேலை.

பெயருக்குப் பின்னால் டி.பி.டி. என்று இருந்தால் டாக்டர் ஆஃப் பிசிகல் தெரபி, இப்போது படித்து வருகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் பட்டம். அது இல்லாத பழைய தலைமுறைத் தெரபிஸ்ட் குறைந்தவர் என்று அர்த்தமில்லை. ஓ.சி.எஸ். என்றால் எலும்பு, மூட்டு, தசையில் போர்டு தேர்ச்சி, என்.சி.எஸ். நரம்பு, ஜி.சி.எஸ். முதியோர், பி.சி.எஸ். குழந்தைகள். சாதாரணக் கழுத்து வலிக்கு இதெல்லாம் அவசியமில்லை. தலைசுற்றலுக்கோ, பிரசவத்துக்குப் பிந்தைய இடுப்புத்தளப் பிரச்சினைக்கோ போவதானால் அந்த வேலையைத் தினமும் செய்கிறவரைத்தான் தேட வேண்டும். பொதுக் கிளினிக்கில் "அதுவும் பார்ப்போம்" என்று சொல்வதை நம்பிப் போகாதீர்கள்.

7. கிளினிக்குக்குக் கால்: கேள்வியை மாற்றுங்கள்

"எங்கள் இன்ஷூரன்ஸை எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். நெட்வொர்க்குக்கு வெளியே இருக்கும் கிளினிக்கும் கிளெய்ம் அனுப்பும், அதனால் "ஆமாம்" என்பது அவர்கள் பார்வையில் உண்மையான பதில். உங்களுக்குச் செலவு வைக்கிற உண்மை, அவ்வளவுதான்.

கேட்க வேண்டியது இது: "இந்த விலாசத்தில் இருக்கும் உங்கள் கிளினிக், என்னுடைய இந்தப் பிளானுக்கு இன்-நெட்வொர்க்கா?" பிளானின் பெயரை அட்டையில் உள்ளபடியே வாசியுங்கள். விலாசத்தை ஏன் சொல்கிறோம் என்றால், நாலு கிளை உள்ள கிளினிக்கில் மூன்று கிளை ஒப்பந்தத்தில் இருக்கும், புதிதாகத் திறந்த நான்காவது இன்னும் சேர்ந்திருக்காது.

அடுத்து இரண்டு எண்களைக் கேளுங்கள்: கிளினிக்கின் என்.பி.ஐ. நம்பர் (மருத்துவச் சேவை தருகிறவர்களுக்கு அரசு கொடுக்கும் அடையாள எண்), டாக்ஸ் ஐ.டி. (வரி எண்). என்.பி.ஐ. பத்து இலக்கம், டாக்ஸ் ஐ.டி. ஒன்பது இலக்கம். முதல் தடவை கேட்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது, வரி அலுவலகத்திலிருந்து பேசுகிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்று. இரகசியம் எதுவும் இல்லை, முன்மேசையில் இருப்பவர்கள் தினமும் சொல்கிற எண்கள்தான். என்.பி.ஐ. அரசின் பொதுப் பதிவேட்டிலேயே தேடிப் பார்க்கலாம்.

கிளினிக் ஏதாவது ஆஸ்பத்திரியின் பகுதியா என்பதையும் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குச் சொந்தமானது என்றால் பில் ஆஸ்பத்திரியின் பெயரில், ஆஸ்பத்திரியின் கட்டணத்தில் வரலாம். தனிக் கிளினிக்கைவிட அது பல சமயம் அதிகம். கோபே பிளான் என்றால் உங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, டிடக்டிபிள் பாக்கி இருந்தால் நன்றாகவே தெரியும்.

இதே காலில் இன்னும் மூன்று விஷயம். ஒவ்வொரு விசிட்டிலும் தெரபிஸ்ட்தான் பார்ப்பாரா, பி.டி.ஏ. எனப்படும் அசிஸ்டன்ட்டா, லைசென்ஸ் இல்லாத எய்டா? அசிஸ்டன்ட் லைசென்ஸ் பெற்றவர், அவர் பார்ப்பதில் தப்பில்லை. ஒரே நேரத்தில் மூன்று பேரைப் பார்த்துக்கொண்டு எய்டிடம் விட்டுவிடும் இடம் என்றால் யோசியுங்கள். அப்புறம், முதல் தேதி எப்போது கிடைக்கும், வேலை நேரத்துக்கு முன்போ பின்போ இடம் இருக்கிறதா? வராமல் போனால் எவ்வளவு வாங்குவார்கள்? பல இடங்களில் 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாவிட்டால் ஒரு தொகை உண்டு, அதை இன்ஷூரன்ஸ் கொடுக்காது.

8. இன்ஷூரன்ஸுக்கு இரண்டாவது கால்

இந்தக் காலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கிளினிக் சொல்லியாயிற்றே, பட்டியலிலும் பார்த்தாயிற்றே, போதாதா? போதாது. கிளினிக்குக்குத் தெரிந்தது அவர்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், பட்டியலில் இருப்பது எப்போதோ ஏற்றிய தகவல், கிளெய்ம் வரும்போது இன்ஷூரன்ஸ் கணினி பார்ப்பது என்.பி.ஐ., டாக்ஸ் ஐ.டி., விலாசம் மூன்றும் ஒத்துப்போகிறதா என்பதைத்தான்.

அதனால் மூன்றையும் வாசித்து, "இந்த டாக்ஸ் ஐ.டி.யின் கீழ், இந்த விலாசத்தில், இந்த என்.பி.ஐ. என் பிளானுக்கு இன்-நெட்வொர்க்கா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால், அதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். மேலே சொன்ன அதே சட்டப்படி, போனில் இப்படிக் கேட்டால் ஒரு வேலை நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மின்னஞ்சல் போதும் என்று சொல்லுங்கள். மறுபக்கம் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், பொறுமையாக மேலதிகாரியைக் கேளுங்கள்.

இரண்டு கால்களிலும் வேறு வேறு பதில் வந்தால் மூன்றாவது தடவை கூப்பிடுங்கள், பெரும்பான்மைப்படி அல்ல, எழுத்தில் எது வருகிறதோ அதன்படி போங்கள்.

9. முன் அனுமதி வேண்டியிருந்தால்

அனுமதிக்கு விண்ணப்பிப்பது பெரும்பாலும் கிளினிக்கின் வேலை, விரட்டுவது உங்கள் வேலை. அனுமதி வந்ததும் நான்கு விவரம் எழுதிக்கொள்ளுங்கள்: அனுமதி எண், எத்தனை விசிட், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதிவரை. தேதியில்தான் அடி விழும். ஆறு விசிட் அனுமதி 30 நாளுக்குள் என்றிருக்கும், நடுவில் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் ஆறாவது விசிட் தேதியைத் தாண்டிவிடும்.

பாக்கி இரண்டு விசிட் இருக்கும்போதே "அடுத்த அனுமதி கேட்டாயிற்றா?" என்று முன்மேசையில் கேட்டுவிடுங்கள்.

10. முதல் நாள்

கையெழுத்துக் கேட்கிற தாள்களில் ஒன்று, இன்ஷூரன்ஸ் கொடுக்காவிட்டால் நான் கொடுக்கிறேன் என்று சொல்வது. அதைப் போடாமல் உள்ளே விடமாட்டார்கள், போடுங்கள், ஆனால் படித்துவிட்டு. கார்டு எண்ணைச் சேமித்துத் தானாகக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்டம் இருந்தால் நான் டிக் செய்வதில்லை. இன்ஷூரன்ஸின் கணக்கு வருவதற்கு முன்பே கழித்த பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும் பாடு.

முதல் விசிட் பெரும்பாலும் பரிசோதனை, 97161, 97162, 97163 என்ற மூன்று கோடுகளில், அதாவது பில்லில் போடும் குறியீட்டு எண்களில், ஒன்றில் பில் ஆகும், எளிது, நடுத்தரம், சிக்கல் என்ற வரிசையில். அதற்குப் பிறகு உடற்பயிற்சிக்கு 97110, கையால் செய்யும் சிகிச்சைக்கு 97140 என்று கோடுகள் வரும். இவை 15 நிமிடக் கணக்கில் எண்ணப்படும், அதனால் முக்கால் மணி நேரத்துக்கு மூன்று யூனிட் வருவது இயல்பு. ஒரே நாளில் நாலு வரி பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். முதல் விசிட் அடுத்ததைவிட அதிகமாக இருப்பது பரிசோதனைக்கான கோடும் அதில் சேர்வதால்தான்.

கிளம்பும்போது மொத்தம் எத்தனை விசிட் தேவைப்படலாம் என்று கேளுங்கள். உங்கள் பிளானில் இருக்கும் எண்ணிக்கையை அவரிடம் சொல்லிவிடுங்கள். மிச்சம் ஒன்பதுதான் என்று தெரிந்தால் நல்ல தெரபிஸ்ட் வாரம் இரண்டு என்பதை ஒன்றாக்கி, வீட்டுப் பயிற்சியைக் கூட்டித் திட்டம் போடுவார்.

11. ஈ.ஓ.பி. வந்ததும்

இன்ஷூரன்ஸ் அனுப்பும் ஈ.ஓ.பி. (எக்ஸ்பிளனேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ், கிளெய்மில் யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கணக்குத் தாள்) பில் அல்ல, அதைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். முதல் விசிட்டின் ஈ.ஓ.பி.யை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். நெட்வொர்க் என்று காட்டுகிறதா, கோபே நீங்கள் கேட்டு எழுதிய எண்தானா? தப்பு இருந்தால் ஒரு விசிட்டில் பிடிக்கலாம், பத்தாவது விசிட் வரை காத்திருந்தால் பத்து பில்.

கிளினிக்கின் பில் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து, "நோயாளி கொடுக்க வேண்டியது" என்ற எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கிளினிக் அதிகம் கேட்டால் முதலில் கிளினிக்கைக் கூப்பிடுங்கள், இன்ஷூரன்ஸ் மறுத்திருந்தால் காரணத்தைக் கேளுங்கள். பல மறுப்புகள் அப்பீல் வரை போக வேண்டியதே இல்லை, தப்பான கோடு, விட்டுப்போன ரெஃபரல், திருத்தி மறுபடி அனுப்பினால் சரியாகிவிடும். அப்பீல் செய்ய வேண்டி வந்தால் மறுப்புக் கிடைத்ததிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு. ஸ்கிரீன்ஷாட், எழுத்தில் வந்த பதில், கால் ரெஃபரன்ஸ் எண்கள் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

12. மெடிகேர், கைக்காசு, ஊரிலிருந்து வந்த பெற்றோர்

மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ். அதில் டாக்டர், அவுட்பேஷன்ட் செலவுகளுக்கான பார்ட் பி-யில் டிடக்டிபிள் (2025-இல் 257 டாலராக இருந்தது) முடிந்ததும் 20 சதவீதம் நோயாளியுடையது. தெரபிக்கு விசிட் எண்ணிக்கை வரம்பு கிடையாது. பிசிகல் தெரபி, ஸ்பீச் தெரபி இரண்டும் சேர்ந்து அந்த வருஷத்துக்கான தொகையை (2025-இல் 2,410 டாலராக இருந்தது) தாண்டினால், சிகிச்சை இன்னும் தேவை என்று கிளினிக் கிளெய்மில் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். "லிமிட் முடிந்துவிட்டது, இனி வர முடியாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தனியார் கம்பெனி நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் பிளான் என்றால் மட்டும் நெட்வொர்க், முன் அனுமதி எல்லாம் மறுபடி உண்டு, மேலே சொன்ன கால்கள் அத்தனையும் பண்ண வேண்டும்.

இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டாலோ, டிடக்டிபிள் மலைபோல இருந்தாலோ, கைக்காசுக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். சில இடங்களில் அது இன்ஷூரன்ஸ் வழியாக வரும் தொகையைவிடக் குறைவு. ஆனால் அப்படிக் கொடுப்பது டிடக்டிபிளில் சேராது, இந்த வருஷம் அறுவை சிகிச்சை ஏதாவது வரப்போகிறது என்றால் சேர்வதே மேல். கைக்காசில் போகிறவர்கள் முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு கேட்க உரிமை உண்டு. பில் அந்த மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் முறையாகத் தகராறு எழுப்பலாம். மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் சேர்த்து வைக்கும் எச்.எஸ்.ஏ., எஃப்.எஸ்.ஏ. கணக்குகளின் பணத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

விசிட்டர் இன்ஷூரன்ஸோடு வந்திருக்கும் அம்மா அப்பாவின் முழங்கால் வலிக்குத்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். அந்தப் பாலிசிகளில் பெரும்பாலும், வருவதற்கு முன்பே இருந்த நோய்க்குப் பணம் வராது, வருஷக்கணக்கான தேய்மானம் அதில்தான் சேரும். இங்கே வந்து படியில் வழுக்கி விழுந்தது வேறு விஷயம், அதற்குப் பாலிசியில் தெரபிக்கு ஒரு விசிட்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பழைய வலி என்றால் கிளெய்ம் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்காமல், கைக்காசில் இரண்டே விசிட் கேளுங்கள்: ஒன்று பரிசோதனையும் வீட்டுப் பயிற்சியும், மூன்று வாரம் கழித்து ஒன்று சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்க. புக் பண்ணும்போதே இப்படித்தான் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். என் மாமனாருக்கு அப்படித்தான் செய்தோம், தெரபிஸ்ட் காட்டிய ஐந்து பயிற்சிகளையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டோம், ஊருக்குத் திரும்பிய பிறகும் அதைப் பார்த்துத்தான் செய்கிறார்.